நாலு மணிக்கொரு டியூபும் நாலு வருஷத்துக்கொரு தாழ்ப்பாளும்

மகனே,

புதுப்பட்டினம் வாழ் பெருமக்களுக்கும், குறிப்பாகச் செங்கல்பட்டுக்குக் குடிபோய் இன்றோடு இருபது நாள் ஆகிவிட்ட உனக்கும் மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்வது: நம் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு இன்று காலை பத்தேகால் மணியளவில் தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது. விழாவுக்கு உன் அம்மா தலைமை தாங்கினாள், அதாவது கதவு ஆடாமல் பிடித்துக்கொண்டாள். மேலே ஒரு பல்லி சிறப்பு விருந்தினராகக் கடைசிவரை இருந்து சிறப்பித்தது. திருகாணிகள் மொத்தம் நான்கு. மூன்று மரியாதையாக உள்ளே போயின. நான்காவது பாதியிலேயே வெளிநடப்புச் செய்தது. சுத்தியலால் பேச்சுவார்த்தை நடத்திச் சமாதானம் செய்தேன். இனி நீ ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளியாக வரும்போது, உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மகாராஜாவாக இருக்கலாம். உனக்காகத்தான் போட்டேன். இதை நீ நம்பியே ஆக வேண்டும்.

அதே கதவில் முன்பு இருந்த தாழ்ப்பாளை நாலு வருஷத்துக்கு முன்னால் கழற்றி எறிந்தவனும் நான்தான். நெம்மேலி பக்கம் உன் பைக்குக்குக் குறுக்கே மாடு வந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, உன்னைச் சக்கர நாற்காலியில் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் செய்த முதல் வேலை ஸ்க்ரூ டிரைவரைத் தேடியதுதான். உள்ளே உனக்கு ஏதாவது ஆனால் நான் பாய்ந்து வர வேண்டாமா? பாய்ந்து வந்தேன். ஒன்றும் ஆகாதபோதும் பாய்ந்து வந்தேன். சோப்பு கீழே விழுந்தால் பாய்ந்தேன். நீ பாட்டு முணுமுணுத்தால், முனகுகிறாயோ என்று பாய்ந்தேன். "நைனா, ஒரு தபா தட்டிட்டு வாயேன்" என்று நீ கேட்டபோது, "நான் பெத்த புள்ள, நான் தட்டிக்கினு வரணுமா?" என்று கேட்டேன். பெற்றது யார் என்பதை உன் அம்மா அடுப்படியிலிருந்தே திருத்தினாள்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே நான் ஜோக்கடித்து நழுவிவிடுவேன், மூன்றாவதில் நீ "சரி வெச்சிடறேன்" என்பாய். எழுதினால் இரண்டு பேருக்குமே தப்பிக்க வழி இல்லை. ஒளிவுமறைவு இல்லாத கடிதம் இது. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அந்த முட்டுக்காட்டுச் செல்வியிடம் காட்டினால்கூட ஆட்சேபணை இல்லை. காட்டாமல் இருந்தால் இன்னும் சந்தோஷம். விஷயம் இதுதான்: எனக்குப் பொறாமையாக இருக்கிறது. செல்வி மேல், உன் மேனேஜர் மேல், உன் செல்போன் மேல், செங்கல்பட்டு மேல், கடைசியில் உன் இரண்டு கைகள் மேல். வயிற்றெரிச்சலுக்கு மருந்துக் கடைக்காரர் ரோஸ் நிறத்தில் ஒன்று கொடுத்தார். இந்த எரிச்சலுக்கு அது கேட்கவில்லை.

பொறாமைக்குக் காரணம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன் மூளைக்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் லைன் அறுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். உள்ளே எவ்வளவு நிரம்பினாலும் உனக்குச் செய்தி வராது, அதுவாகவும் காலியாகாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய டியூபை விட்டு நாம்தான் திறந்துவிட வேண்டும். ஊருக்கெல்லாம் தண்ணி கேன் போடுகிறவன் நான். நிரப்புவது என் பிழைப்பு. காலி செய்வதையும் என் தலையில் கட்டிவிட்டான் ஆண்டவன் என்று அன்றைக்கே ஜோக்கடித்தேன். நீ சிரிக்கவில்லை. நர்ஸம்மா உன்னைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார்: சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஜெல் தடவ வேண்டும், எங்கே தடுத்தாலும் முட்டக் கூடாது, நிதானமாகக் காத்திருந்தால் அதுவே வழி விடும். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். "குடும்மா, நான் போடறேன்" என்றேன். "அவர் கை நல்லாத்தானே இருக்கு, அவரே கத்துக்கட்டும்" என்றார் அவர். "பாவம், கொழந்த பயப்படுது மா" என்றேன். குழந்தைக்கு அப்போது இருபத்து மூன்று வயது, ஒரு வாரத் தாடி.

அன்றிலிருந்து நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் என்னைப் போல் டியூப் போடுகிற கை கிடையாது. முதல் நாள் போட்டு முடித்ததும், "வலிச்சுதாடா?" என்று கேட்டேன். "இல்ல நைனா." மறுநாள் கேட்டேன். "இல்ல." அப்புறம் மூன்று வருஷம் தினமும் கேட்டேன், ஒரு நாள்கூட நீ 'ஸ்' என்றதில்லை. டீக்கடையில், கேன் இறக்குகிற ஓட்டலில், மாமல்லபுரத்து லாட்ஜில், எங்கும் சொன்னேன்: "எங்கிட்ட ஒரு கைராசி கீதுபா. பூ மாதிரி எறங்கும். பையனுக்குத் தெரியவே தெரியாது." எத்தனை மில்லி வந்தது என்று கத்திச் சொல்வதும் நான்தான், ஞாபகம் இருக்கிறதா? குளியலறையிலிருந்து "முன்னூத்தம்பது!" என்று நான் ஏலம் விடுவேன், உன் அம்மா காலண்டரில் குறிப்பாள். எதிர்வீட்டு மீன்காரம்மா ஒரு நாள், "இன்னா, இன்னிக்கி கம்மியா கீது?" என்று கேட்டாளே, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. தெருவுக்கே உன் மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன். நீ அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பிறகு உனக்குச் செங்கல்பட்டில் வேலை கிடைத்தது. வண்டி இன்ஷூரன்ஸ் ஆபீஸ், தரைத்தளம், வாசலில் ஒரே படி, அதற்கும் பலகை போட்டுத் தந்தார்கள். ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் நிரந்தரம் என்றார் மேனேஜர். வீட்டில் எல்லோரும் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள், நான் மத்தியானம் பன்னிரண்டு மணியைப் பற்றிக் கவலைப்பட்டேன். காலை எட்டுக்கு வீட்டிலேயே டியூப் போட்டு, உன்னை வண்டியின் முன்சீட்டில் தூக்கி வைத்து, நாற்காலியைப் பின்னால் கேன்களுக்கு நடுவில் கட்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவேன். திரும்பி வந்து கடைகளுக்குக் கேன் போட்டு, மறுபடி பன்னிரண்டுக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக ஓட்டிக்கொண்டு செங்கல்பட்டு. ஆபீஸில் என்ன சொல்வது? "சாப்பாடு குடுக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். பழைய பைல் போடுகிற அறைக்குள் இரண்டு பேரும் போய், கதவைச் சாத்தி, கால் மணி நேரம் கழித்து வெளியே வருவோம். தினமும் கையில் டிபன் கேரியர், தினமும் சாத்திய கதவு. அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பது ஒரு மாதம் கழித்து உன் பக்கத்து மேஜைக்காரர் கேட்டபோதுதான் தெரிந்தது: "தம்பி, உங்க நைனா இன்னுமா ஊட்டி வுட்றாரு?"

நீ "ஆமா சார்" என்று சொல்லியிருக்கிறாய். இதை நீ வண்டியில் வரும்போது சொன்னாய், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். ஏப்பம் விட்டுக்கொண்டே வெளியே வா, இன்னும் நம்புவார்கள் என்று யோசனைகூடக் கொடுத்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாய். இருபத்தாறு வயதில் அப்பா கையால் சோறு தின்கிறவன் என்ற பெயரை, உண்மையைச் சொல்வதைவிட மேல் என்று நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி எடுத்துக்கொள்ள வைத்தது என்னுடைய பொய். அதை ஜோக் என்று நினைத்தது என்னுடைய தலை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அதை நீயும் நானும் மட்டும் அறிவோம், இன்றுவரை நான் வாய்திறந்து ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டுக்கு வர என்னால் முடிந்தது, நாலு மணிக்கு முடியவில்லை. லாட்ஜ்களுக்கெல்லாம் சாயங்காலம்தான் கேன் இறக்க வேண்டும். நீயே போட்டுக்கொள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதற்குப் பதில், "மத்தியானத்துக்கு மேல தண்ணிய தொடாத. அஞ்சரைக்கு வந்துகினே இருப்பேன்" என்றேன். செங்கல்பட்டு வெயிலில், ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோகிறவன், சொந்தப் பிள்ளையைத் தண்ணீர் குடிக்காதே என்றேன். வண்டியில் பின்னால் முப்பது கேன் தளும்பிக்கொண்டிருக்கும், முன்னால் நீ உதடு காய்ந்து உட்கார்ந்திருப்பாய். மூன்றாம் மாதம் உனக்குக் குளிர் ஜுரம் வந்தது. மூத்திரம் அரிசி கழுவின தண்ணீர் போல் கலங்கியிருந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரி, ஊசி மேல் ஊசி. மேனேஜர் போன் செய்து, "இன்னொரு தபா இப்படி ஆச்சினா மேலிடத்துல நிரந்தரத்துக்கு ஒத்துக்க மாட்டாங்க தம்பி" என்று வருத்தமாகத்தான் சொன்னார்.

டாக்டர் உன்னைத்தான் திட்டினார். "படிச்சவரா இருந்துகிட்டு தண்ணி ஏன் குறைச்சீங்க? பை கழுவிவிட்ட மாதிரி போய்க்கிட்டே இருக்கணும், தேங்கினா இப்படித்தான்" என்றார். நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். "மறந்துட்டேன் டாக்டர்" என்றாய். பக்கத்தில் நின்றுகொண்டு நானும் தலையை ஆட்டி, "சொன்னா கேக்க மாட்டான் சார்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நீ இதுவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்டப் போயிருந்தபோதுதான் செல்வியின் வருகை. வரிசையில் நமக்கு முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தாள். முட்டுக்காட்டில் படகுச் சவாரிக்கு டிக்கெட் கிழிக்கிறவள், உன் வயதுதான், உனக்கு ஒரு வருஷம் முன்னால் மாடியிலிருந்து விழுந்தவள். என் கையில் டியூப் வைக்கிற டப்பா. ஊதுபத்தி வரும் நீளமான பிளாஸ்டிக் டப்பாவை நான்தான் வாசனை போகக் கழுவி, அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், அது என் கண்டுபிடிப்பு. அவள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, யாருக்கு பூஜ?" என்றாள். பெரியவரேயாம்! தலைக்குச் சாயம் அடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் கைராசிக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு உன் பக்கம் திரும்பினாள்.

"உங்க கைக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆகலியே."

"அப்ப உங்க நைனா எதுக்கு?"

"பழக்கமாயிட்ச்சி மா" என்று நான் குறுக்கே விழுந்தேன். "அது உங்களுக்குப் பழக்கம் பெரியவரே. அவரு எங்க பழகனாரு?" என்றாள். தன் கதையைச் சொன்னாள்: வேளை வந்தால் கவுண்டர் ஜன்னலைச் சாத்தி 'பத்து நிமிஷத்தில் வருகிறேன்' என்று அட்டையைத் தொங்கவிடுவாளாம், எட்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாளாம். "மீதி ரெண்டு நிமிசம்?" என்று மடக்கினேன். "டீ" என்றாள். நீ சிரித்தாய். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் நூறு ஜோக்குக்கு வராத சிரிப்பு அவளுடைய ஒரு டீக்கு வந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

பத்து நாள் கழித்து, வழக்கம்போல் பன்னிரண்டு மணிக்குக் கேரியரோடு வந்து நிற்கிறேன். நீ பைல் அறையிலிருந்து தனியாகச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறாய், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு.

"ஆச்சி நைனா."

"இன்னா ஆச்சி?"

"எல்லாம் ஆச்சி."

"எவ்ளோ?"

"நானூறு."

"தடங்கல் இல்லாம போச்சா? ரத்தம் கித்தம்?"

"நைனா, நீ சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. வண்டியில் உட்கார்ந்து, உன்னிடம் கொடுக்கவே மறந்துபோன கேரியரைத் திறந்து நானே தின்றேன். பெண்டாட்டி பார்த்திருக்க, புருஷன் பக்கத்து வீட்டுக் குழம்பைப் புகழ்ந்தால் அவளுக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். இனி நாலு மணிக்கும் நீயே போட்டுக்கொள்ளலாம், வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கலாம், ஜுரம் வராது, வேலை நிற்கும். எல்லாம் தெரிந்தது. தெரிந்தும், முதல் தடவையே உனக்குச் சரியாக வந்துவிட்டதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. கொஞ்சம் தடுமாறி, ஒரு போன் அடித்து, "நைனா, வந்து பாரேன்" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

என் வேலையை உன் செல்போன் பிடுங்கிக்கொண்டது. எட்டு, பன்னிரண்டு, நாலு என்று அது மணியடிக்க ஆரம்பித்தது. ஒரு பொட்டிக்கு இவ்வளவு திமிரா என்று, நீ குளித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த நாலு மணி அலாரத்தில் என் குரலைப் பதிந்து வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் நடந்ததை நீ கோபமாகச் சொன்னாய், நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். உனக்கு எதிரில் வண்டி நசுங்கிப்போன ஒருவர் அழாத குறையாக உட்கார்ந்திருக்கிறார். மணி நாலு. மேஜைக்குள்ளிருந்து என் குரல்: "டேய் ராஜா! நேரமாச்சி! கேனைக் காலி பண்ணு!" அவர் பதறி எழுந்து, "யாருங்க அது?" என்று கேட்க, நீ முகம் மாறாமல், "எங்க வூட்டு தண்ணி கேன்காரரு சார்" என்றாயாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு மாதம் கழித்து உன் போனைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். என் குரலை நீ அழிக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தாய்.

ஆயுத பூஜை வந்தது. அந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை, அதற்கும் பொறாமைதான். ஆபீஸில் சுண்டல், பொரி, பூசணிக்காய் எல்லாம் தயார், ஊதுபத்தியை மட்டும் காணவில்லை. பக்கத்து மேஜைக்காரர் உன் பையில் ஊதுபத்தி டப்பா நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, உரிமையோடு எடுத்துக்கொண்டுபோய், கம்ப்யூட்டருக்கும் மேனேஜருக்கும் முன்னால் திறந்துவிட்டார். உள்ளே டியூப். எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். "அது வாசன வராத ரகம் சார்" என்றாய் நீ. பிறகு, யாரும் கேட்பதற்கு முன்பே, தெளிவாகச் சொன்னாயாம்: என் மூத்திரப்பை தானாக வேலை செய்யாது, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை இதை வைத்து நானே எடுத்துவிடுவேன், பத்து நிமிஷம் போதும், கழிவறைக் கதவு உள்பக்கம் திறப்பதால் என் நாற்காலி போனால் சாத்த முடியவில்லை, அதனால்தான் பைல் அறை. மேனேஜர் டப்பாவை மூடி உன் கையில் கொடுத்தாராம். அப்புறம், "அட, இதுக்கா? உங்க நைனா ஊட்டி வுட்றாருனு இல்ல இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தோம்!" என்றாராம். அத்தனை பேரும் சிரித்தீர்களாம். மறுநாளே ஆசாரி வந்து கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டார். உள்ளே கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தட்டு, சோப்பு, பை மாட்ட ஒரு கொக்கி. நான் மாதக்கணக்கில் டிபன் கேரியர் தூக்கி மறைத்த விஷயத்தை நீ சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிட்டாய். அந்த மாதக் கடைசியில் நிரந்தரம் என்று கடிதம் வந்தது. ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்தாய். போய்விட்டாய்.

கடிதம் எழுதுகிற அப்பாவுக்குப் புத்தி சொல்ல உரிமை உண்டு, கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். வேலை மும்முரத்தில் மணியை அணைத்துவிட்டு 'இதோ, இந்த ஒரு பைல்' என்று உட்காராதே. பைல் காத்திருக்கும், பை காத்திருக்காது. தண்ணீரை ஒரேயடியாக மடமடவென்று குடிக்காமல் நாள் முழுக்கப் பிரித்துக் குடி. யார் சொன்னாலும் குறைக்காதே, நான் சொன்னால் இன்னும் கேட்காதே. கலங்கலோ, நாற்றமோ, குளிரோ வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார். மேஜையில் ஒரு மாற்று பேன்ட் இருக்கட்டும். என்றைக்காவது நனைந்துவிட்டால் மாற்றிக்கொண்டு வந்து உட்கார், உலகம் ஒன்றும் முழுகிப்போகாது. டியூப் டப்பாவை மட்டும் மாற்றிவிடாதே. அது என் கண்டுபிடிப்பு.

இதோடு முடித்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ வரப்போகிறாய், வந்ததும் உனக்குத் தெரிந்துவிடும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மாமல்லபுரத்தில் கேன் இறக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு மூத்திரம் நின்றுவிட்டது. காலையிலிருந்தே சொட்டுச் சொட்டாகத்தான், மத்தியானம் அதுவும் இல்லை. அடிவயிறு மூடி போட்ட கேன் மாதிரி ஆகிவிட்டது. வயசான ஆம்பளைகளுக்கு மூத்திரப்பைக்கு அடியில் வருகிற சுரப்பி வீக்கமாம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டினேன், உன் ஆபீஸ் வாசல் வழியாக. உள்ளே நீ யாருக்கோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். நிறுத்தவில்லை. அங்கே ஒரு நர்ஸம்மா டியூபை எடுத்தார். நமக்குத் தெரியாத டியூபா என்று காலாட்டிக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளே விட்டாரோ இல்லையோ, நான் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"இன்னா பெரியவரே, ஒரு டியூபுக்கு இந்தக் கத்து கத்றீங்க?" என்றார் நர்ஸம்மா.

"என் புள்ளைக்கு மூணு வருசம் நான் போட்டேன் மா. ஒரு நாளு வலின்னு சொன்னதில்ல. நீ எங்கயோ தப்பா வுட்டுட்ட."

"புள்ளைக்கு இன்னா ஒடம்பு?"

"முதுகுத்தண்டுல அடி."

அவர் என் தோளைத் தட்டினார். "அவருக்கு அங்க உணர்ச்சியே இருக்காதுங்களே" என்றார்.

அவ்வளவுதான் என் கைராசி. மூன்று வருஷம் தினமும் வலித்ததா என்று கேட்டு, தினமும் இல்லை என்ற பதிலை வாங்கி, அதைப் புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் விநியோகம் செய்திருக்கிறேன். உனக்கு அது எப்போதே தெரியும். நீ ஒரு நாளும் சொல்லவில்லை.

இப்போது என் தொடையில் ஒரு பை கட்டியிருக்கிறது, லுங்கிக்கு அடியில். உன் அம்மா ஒரு நாளைக்கு இருபது தடவை குளியலறைக் கதவைத் திறந்து, "போச்சா? எவ்ளோ போச்சி?" என்று கேட்கிறாள். நேற்று வாசலில் நின்று மீன்காரம்மாவிடம் கத்திச் சொன்னாள்: "அறுநூறு!" மீன்காரம்மா, "பரவால்லியே" என்றாள். தெருவே பார்த்தது. அப்போதுதான் கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கினேன். ஆக, மேலே எழுதிய அறிவிப்பில் ஒரு திருத்தம்: தாழ்ப்பாள் உனக்காகப் போட்டதில்லை. நீ வந்து பார்த்தாலே தெரியும், நிற்கிறவனின் தலை உயரத்தில் இருக்கிறது. உனக்குக் கை எட்டாது. போடும்போது உன் நினைப்பே எனக்கு வரவில்லை, என் மானம்தான் பெரிதாக இருந்தது. நாலு வருஷம் அதே கதவுக்குப் பின்னால் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்பதை நாலு நாளில் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை பையை எடுத்துப் பார்ப்பார்களாம். தானாகப் போகாவிட்டால் கொஞ்ச நாளைக்கு நானே டியூப் போட்டுக்கொள்ளக் கற்க வேண்டுமாம். அந்த வார்டில் கற்றுக்கொள்ள மாட்டேன், வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும். நீ சொல்லிக்கொடு. செல்வியிடம் சொல்லாதே. சரி, சொல்லு, ஆனால் நான் கத்தியதை விட்டுவிட்டுச் சொல்லு. இன்னொரு தாழ்ப்பாளும் வாங்கி வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி நீ உயரம் காட்டினால் கீழே போட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது நான் உள்ளே இருந்தால், அவசரம் இல்லை, ஒரு தபா தட்டிவிட்டுக் காத்திரு. இனி நானும் தட்டுவேன்.

உன் நைனா